தினேஷ்குமார் வீணாக்கிய ஏவுகணைகள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருந்த தாமோதரனுக்கு எதையும் எடுத்துப் பயன்படுத்த மனசு வராது. கஞ்சன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வந்தவர்களுக்கெல்லாம் டீ சொல்லுகிற ஆள் அவன். ஆனால் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரம் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. உள்ளேயே ஓடி உள்ளேயே நின்றுபோனது. பட்டு வேட்டி மடிப்புக் கலையாமல் பழுப்பேறியது. தீபாவளிக்கு வாங்கிய ராக்கெட்டில் இருப்பதிலேயே பெரியதை, அப்புறம் விடலாம் என்று பரணில் எடுத்து வைப்பான். அடுத்த தீபாவளிக்கு இறக்கினால் அது நமுத்துப் போயிருக்கும். ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துபோகிற பொருள் எதுவானாலும் அவன் கையில் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன் தினேஷ்குமார். தாமோதரனின் மனைவி இளவரசிக்குத் தம்பி. மானாம்பதியில் அம்மா கோவிந்தம்மாளோடு இருந்து சொந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் மாமன் கடைக்கு வந்துவிடுவான். வருவது அக்காவைப் பார்க்க என்று சொல்லிக்கொள்வான். உண்மையில் வருவது ஆட்டத்துக்கு.

யாரோ சென்னையிலிருந்து சிடியில் போட்டுக் கொடுத்த போர் ஆட்டம் அது. ஆளுக்கொரு நாடு, சில ஊர்கள், கொஞ்சம் படை. தலைநகர் விழுந்தால் நாடே போச்சு. ஒரே கம்ப்யூட்டரில் இருவர் மாறி மாறி ஆட வேண்டும். ஒருவன் தன் முறையை முடித்தால் திரை கறுத்துப்போய், "தினேஷ், உன் முறை. தயாரா?" என்று இங்கிலீஷில் கேட்கும். அவன் தன் ரகசியச் சொல்லை அடித்தால்தான் வரைபடம் திறக்கும். ஒருத்தன் சொல் இன்னொருத்தனுக்குத் தெரியாது. அவசரமே கிடையாது. காலையில் தாமோதரன் ஒரு முறை, மாலையில் தினேஷ் ஒரு முறை. வாரக்கணக்கில் ஒரே யுத்தம் நடக்கும்.

அந்த ஆட்டத்தில் இருப்பதிலேயே வலுவானது ஏவுகணை. ஒரு ஊர் முழுக்கப் பாடுபட்டு ஒன்றைச் செய்யும். ஒருமுறை விட்டால் போச்சு. தாமோதரன் குணத்துக்கு இது போதாதா? செய்த ஏவுகணையையெல்லாம் எல்லையோரத்து ஊர் ஒன்றில் அடுக்கி வைத்தான். வைத்தான், வைத்தான், வைத்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் தினேஷ் அந்த ஊருக்குள் நடந்துவந்து அத்தனையையும் ஊரோடு அள்ளிக்கொண்டான்.

"மாமா, மிசைல் இன்னா ஊறுகாயா? ஜாடில போட்டு வெச்சிக்கினு கீறியே!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தான்.

"நல்ல டயமா பாத்து வுடலாம்னு வெச்சிருந்தேன் மச்சான்."

"நல்ல டயம் தானா வராது மாமா, நாமதான் வர வெக்கணும். இத்தக் கேளு. மொத மிசைலு எதிராளியோட மறிப்புப் பீரங்கி மேல வுடு. அது கீற வரைக்கும் நீ எத்தினி வுட்டாலும் நடுவாலயே அடிச்சிப் போட்ரும். அது காலி ஆனா, அடுத்தது காவல்காரன் மேல. அப்ப ஊரு தொறந்து கெடக்கும். ஆனா மிசைலால ஊரப் புடிக்க முடியாது பாரு. அதுக்கு முன்னாடியே ஒரு நடை சிப்பாயிய வாசலாண்ட நிக்க வெச்சிருக்கணும். அவன் உள்ள பூந்தான்னா முடிஞ்சிது. வெறும் மண்ணு மேல ஒண்ணு வுட்டியோ, நீ மனுசனே கெடையாது."

சொன்னபடியேதான் ஆடுவான். அவன் விட்ட ஏவுகணை ஒன்றுகூட வெறுமனே விழுந்ததாக தாமோதரனுக்கு ஞாபகமில்லை. மச்சானிடம் தோற்பதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே தினமும் தோற்றிருப்பான்.

இரண்டாயிரத்து நாலு, ஆடி மாதம். தாமோதரன் காலையில் தன் முறையை முடித்து வைத்தான். திரை கறுத்து, தினேஷை அழைத்துக்கொண்டு நின்றது. தினேஷ் வரவில்லை. மோட்டார் கொட்டகையில் ஈரத்தோடு சுவிட்சைத் தொட்டான் என்று மானாம்பதியிலிருந்து போன் வந்தது. கல்யாணம் ஆகாத பிள்ளை. இளவரசி மயங்கி விழுந்தாள். அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு கடையைப் பூட்டத் திரும்பியபோது திரை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "தினேஷ், உன் முறை. தயாரா?" அதை அணைக்க தாமோதரனுக்குக் கை வரவில்லை. அப்படியே பூட்டிவிட்டுப் போனான்.

காரியத்துக்கு முந்தின நாள் படையல் போட வேண்டும். செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டி, அதன்பிறகே திறப்பார்கள். செத்தவர்கள் உள்ளே வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. வந்த கால் தடம் தெரியட்டும் என்று அறை வாசற்படிக்கு உள்பக்கம் விபூதியைப் பரப்பி வைப்பதும் அந்த வீட்டு வழக்கம்.

கோவிந்தம்மாள் மருமகனைக் கூப்பிட்டாள். "கறி, முட்டை எல்லாம் வெச்சிக்கீறேன். ஆனா எம்புள்ளைக்கு அதுவா பெருசு? அவன் சதா ஆடிக்கினு இருப்பானே, அந்தப் பொட்டிய எடுத்தாந்து வைங்க மாப்ள."

பங்காளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாமோதரனுக்கு அது கிறுக்குத்தனமாகப் படவே இல்லை. சிபியு, கீபோர்டைக் காலடியில் வைத்து, மானிட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் மானாம்பதிக்குக் கொண்டுவந்தான். ஜன்னல் இல்லாத அந்த உள்ளறையில், இலைக்கு எதிரே ஸ்டூலில் வைத்து ஆட்டத்தைத் திறந்தான். கறுத்த திரை தினேஷை அழைத்தது. கதவைச் சாத்தினார்கள். உச்சி வெயில்.

தட்டித் திறந்தபோது விபூதி போட்டது போட்டபடி இருந்தது. சோறு தொட்டதாகத் தெரியவில்லை. திரையில் மட்டும் எழுத்து மாறியிருந்தது.

"தாமோதரன், உன் முறை. தயாரா?"

யார் ஆடியது என்று என்னைக் கேட்காதீர்கள். எலி ஓடி விசையை அமுக்கியது என்று ஒரு கட்சி அப்போதே சொன்னது. எலிக்கு ரகசியச் சொல் எப்படித் தெரியும் என்று கேட்டால் அந்தக் கட்சி டீ குடிக்கப் போய்விட்டது. தாமோதரன் தன் சொல்லை அடித்து வரைபடத்தைத் திறந்தான். தினேஷ் பக்கத்து ஏவுகணை ஒன்று கிளம்பி வந்திருந்தது. ஊரும் இல்லாத படையும் இல்லாத வெற்றுப் பொட்டல்காட்டில் விழுந்து குழி பறித்திருந்தது.

பயந்தானா என்றால், பயந்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வெட்கமில்லாத ஒரு சந்தோஷமும் இருந்தது. மச்சான் எங்கும் போகவில்லை. ஆட்டம் முடியாத வரைக்கும் வருவான்.

கடைக்குத் திரும்பியதும் தன் முறையை ஆடினான். ஆடினான் என்பது பேச்சுக்கு. ஒரு படகை இப்படி நகர்த்தி அப்படி வைத்தான். கைவசம் இருந்த ஒரே ஏவுகணையைத் தொடவே இல்லை. பிறகு முறையை முடித்து, திரை கறுத்ததும் மூடி வைத்தான். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் பெட்ஷீட், ஷேர் ஆட்டோ, மானாம்பதி. நடுப்பகலில் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். இந்தத் தடவை சாத்திய கதவுக்குப் பின்னால் விசைப்பலகை தட்டுகிற சத்தம் இளவரசி காதிலேயே விழுந்தது. தம்பி இரண்டு விரலால் தட்டுகிற அதே தட்டு. அவள் புருஷன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கும் ஒரு ஏவுகணை வீணாகியிருந்தது. நடுக்கடலில் விழுந்திருந்தது.

"எம்தம்பி ஏங்க இப்படி ஆடறான்? அவன் இந்த மாதிரி ஆட மாட்டானே," என்றாள் இளவரசி.

"கை பழக்கம் வுட்டுப் போச்சு போல," என்றான் தாமோதரன். வெறும் மண்ணில் விடுகிறவன் மனுசனே இல்லை என்றவன், மண்ணிலும் தண்ணீரிலும் விட்டுக்கொண்டிருக்கிறான். அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அது அன்றைக்கே அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாதவன் மாதிரி வாயை மூடிக்கொண்டான்.

அமாவாசைகள் போயின. தினேஷின் ஏவுகணைகள் ஒவ்வொன்றாக ஆளில்லாத இடங்களில் விழுந்து தீர்ந்தன. அவனுடைய படைகள் தலைநகரை விட்டு வெளியேறி, வரைபடத்தின் ஓரத்துக்குப் போய் நின்றன. ஊர் மாறிப் போகிறவர்கள் வீட்டைக் காலி செய்கிற மாதிரி இருந்தது. தாமோதரனின் நடைச் சிப்பாய் ஒருவன் எப்போதோ வழி தவறி அந்தத் தலைநகரின் வாசலருகே போய் நின்றிருந்தான். முன்பென்றால் தினேஷ் அவனை ஊதித் தள்ளியிருப்பான். இப்போது யாரும் அவனைத் தொடவில்லை.

மானாம்பதி வீட்டில் வேறு கவலை. படையல் சோற்றைக் கூரைமேல் வைத்தால் காக்கை வருவதில்லை. வேப்பமரத்தில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். சோற்றைப் பார்க்கும். இறங்காது. கோவிந்தம்மாள் கையைக் குவித்து, "டே கண்ணு, வா கண்ணு" என்று தொண்டை வறளக் கூப்பிடுவாள். பிறகு அந்த வெயிலிலேயே உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குப் பாதி உடம்பு கரைந்துவிட்டது.

"எம்புள்ள வாசல்லியே நின்னுகினு கீறான் மாப்ள. உள்ளயும் வர முடியாம வெளியவும் போவ முடியாம நிக்கிறான். எனக்குத் தெரியுது. பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள் ஒருநாள்.

தாமோதரன் மானிட்டரைப் பெட்ஷீட்டில் சுற்ற ஆரம்பித்தான். நிறுத்தி வைத்திருப்பது யார் என்று அவனுக்குத் தெரியும்.

தை அமாவாசை வந்தது. கதவைத் தட்டித் திறந்து, வழக்கம்போல ரகசியச் சொல்லை அடித்து வரைபடத்தைப் பார்த்த தாமோதரன் ஸ்டூலுக்கு எதிரே அப்படியே உட்கார்ந்துவிட்டான். தினேஷின் கடைசி ஏவுகணை கிளம்பியிருந்தது. இந்தமுறை அது வீணாகவில்லை. நேராக அவனுடைய சொந்தத் தலைநகரின் மேலேயே, அங்கே இருந்த மறிப்புப் பீரங்கியின்மேல் குறி தவறாமல் விழுந்திருந்தது. பீரங்கி இல்லை. ஊருக்குள் மிச்சம் ஒரே ஒரு காவல்காரன்.

முதல் ஏவுகணை பீரங்கிமேல். அடுத்தது காவல்காரன்மேல். வாசலில் நடைச் சிப்பாய் தயாராக நிற்க வேண்டும். மாமனுக்காக மச்சான் முதல் வேலையைத் தானே முடித்து வைத்துவிட்டான்.

இளவரசி பின்னால் வந்து நின்றாள். ஆட்டம் அவளுக்குத் தெரியாது. புருஷன் முகம் தெரியும். "இன்னா கேக்கறான் எம்தம்பி?" என்றாள்.

"அனுப்பி வெக்கச் சொல்றான்."

"இப்பத்தான் கேக்கறானா?"

தாமோதரன் தலையைக் குனிந்துகொண்டான். "மொதல் நாள்லேந்தே கேட்டுக்கினு கீறான், இளவரசி. நான்தான் வுடல. முடிச்சிட்டா அப்புறம் யார் வருவா? தெரையில அவன் பேரு, அந்த ரெண்டு வெரல் தட்டு, எதுவுமே இருக்காதே. ஒரே ஒரு மிசைலு வெச்சிக்கீறேன். அத்த வுட்டா போச்சு."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்தாள். "எனக்கு மட்டும் அவன் போவணும்னு ஆசையா? ஆனா எங்கம்மாவ வெளிய போய்ப் பாருங்க. அவன நாம பத்திரமா வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறோம்? உங்க பட்டு வேட்டி மாரி பழுப்பேறட்டும்னா?"

வெளியே கோவிந்தம்மாள் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குரல் எழும்பவில்லை.

தாமோதரன் மவுஸைப் பிடித்தான். அறையில் புழுக்கமாக இருந்தும் பிடரியில் மட்டும் குளிர்ந்த காற்று படுகிற மாதிரி இருந்தது. தோளுக்குப் பின்னால் ஒருவன் குனிந்து திரையைப் பார்க்கிறான் என்று சத்தியமாகத் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் விட மனசு வராது என்று அவன் திரும்பவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக, வைத்திருந்ததை எடுத்து விட்டான்.

ஏவுகணை கிளம்பிப் போனது. காவல்காரன் புகையாக மறைந்தான். வாசலில் காத்திருந்த நடைச் சிப்பாயைத் தொட்டு, ஒரு கட்டம் முன்னால் வைத்தான். அவன் திறந்த ஊருக்குள் நடந்துபோனான். அவ்வளவுதான். தினேஷ்குமாரின் நாடு வரைபடத்தில் இல்லை.

இளவரசியின் புடவை முந்தானை யாரோ உரசிப் போனதுபோல் ஒருமுறை அசைந்தது. படிக்கு உள்ளே பரப்பியிருந்த விபூதியில் ஒரே ஒரு கால் தடம் விழுந்திருந்தது. விரல்கள் வாசல் பக்கமாக, வெளியே போகிற கால்.

வெளியே இறக்கைச் சத்தம் கேட்டது. "வந்துட்டாண்டி! துன்றான்டி!" என்று கோவிந்தம்மாள் கத்தினாள். இளவரசி எழுந்து ஓடினாள்.

தாமோதரன் மட்டும் திரைக்கு முன்னால் இருந்தான். நாள்பட்ட பழக்கம். விரல் தானாகப் போய் முறையை முடிக்கிற விசையை அமுக்கியது. திரை கறுத்தது. அந்தப் பெயர் வருமென்று ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"தாமோதரன், உன் முறை. தயாரா?"

மறுபடியும் அமுக்கினான். மறுபடியும் அவனையேதான் கேட்டது. இத்தனை மாசமாக அழாத மனுஷன், விசைப்பலகைமேல் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதான்.