அணிந்தவரும் அவர் கைபிடித்தவரும்

போன வாரம் என் மகள் கைப்பேசியை நீட்டி, "அப்பா, இந்த மோதிரம் நல்லா இருக்குல்ல?" என்றாள். டிராகன்களும் மந்திரவாதிகளும் வரும் விளையாட்டு அது. ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, வாயாலேயே கதையை நடத்த வேண்டும். இப்போது அதற்கும் செயலி வந்துவிட்டது. திரையில் ஒரு நீல மோதிரம். அணிந்தவர் தண்ணீருக்கடியில் பத்து நிமிடம் மூச்சுவிடலாம் என்று போட்டிருந்தது. போன மாதம் வரை ஒரு மணி நேரமாக இருந்ததாம். யார் குறைத்தது என்று கேட்டேன். "தெரியலப்பா, அப்டேட் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இல்லாத மோதிரத்துக்காக நரைத்த மனிதன் கோபப்படுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

அந்த மோதிரத்தை நான் முதலில் சந்தித்தது ராயபுரத்தில், ஸ்டெல்லா வீட்டு மாடியறையில். துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள். கப்பலில் சமையல்காரராக இருந்த அவளுடைய மாமா, யாரோ மாலுமி விட்டுப்போன இந்த விளையாட்டின் விதிப்புத்தகத்தை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். டீசலும் ஈரமும் சேர்ந்த வாசனை அதற்கு. இன்றும் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினால் எனக்கு டிராகன் ஞாபகம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணி வாக்கில் கூடுவோம். ஸ்டெல்லா கதை நடத்துவாள். நான் திருடன். அலுவலகத்தில் ஒரு குண்டூசி எடுக்கக்கூடத் தைரியமில்லாதவனுக்கு அந்த வேடம் ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்றாவது ஆள் ஆரோக்கியம். காசிமேட்டுக்காரன், மீன்பிடிக் குடும்பம். அண்ணனைக் கடல் கொண்டுபோனபிறகு படகை விட்டுவிட்டு, துறைமுகத்தில் சரக்குக் கட்டும் வேலைக்கு வந்தவன். அண்ணன் எப்படிப் போனார் என்று அவன் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. விளையாட்டில் அவனுக்கு வாளும் வேண்டாம், கவசமும் வேண்டாம். ஒரு கிழட்டுப் பூதத்தை வென்றபோது குவிந்து கிடந்த பொக்கிஷத்தில் அவன் எடுத்துக்கொண்டது அந்த மோதிரம் ஒன்றைத்தான். ஸ்டெல்லா அதன் விதியைத் தமிழில் படித்துச் சொன்னாள். அணிந்தவரும், அவர் கைபிடித்தவரும் நீருக்குள் மூச்சுவிடலாம். ஆரோக்கியம் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

நாலாவதாக வந்தவன் பிரகாஷ். மாத்தூரிலிருந்து நகரத்தின் தெற்கே கணினி வேலைக்குப் போகிறவன், ஸ்டெல்லாவுக்குத் தூரத்து உறவு. கருவாட்டுக் காற்று ஜன்னல் வழியே வந்தால் கைக்குட்டையை எடுப்பான். ஆனாலும் நல்லவன், எங்கள் எல்லோருக்கும் பர்மா நூடுல்ஸ், அதுதான் அத்தோ, வாங்கி வருவான். ஒரு ஞாயிறு அத்தோவோடு விதிப்புத்தகத்தின் புதுப் பதிப்பையும் கொண்டுவந்தான். வழவழப்பான தாள், பெயிண்டு வாசனை.

புரட்டப் புரட்ட எனக்குப் பொறுக்கவில்லை. பழைய புத்தகத்தில் பேசும் வாள் ஒன்று உண்டு. பிடிக்காத எஜமானனோடு சண்டை போடும், கோபித்துக்கொண்டு உறைக்குள்ளிருந்து வரமாட்டேன் என்னும். புதியதில் அதன் வாயை அடைத்து, அடிக்கு இத்தனை புள்ளி என்று ஒரு எண்ணைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மந்திர மருந்தைக் கலந்து குடித்தால் என்ன ஆகும் என்ற பயமும் போயிருந்தது. திருடனுக்குக்கூட மரியாதையான பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்று எங்கள் கதையில், மோதிரம் போட்ட ஆரோக்கியம் நடுவிலும் நானும் பிரகாஷும் இருபக்கமுமாக, மூன்று பேரும் கடலுக்கடியில் மூழ்கிய அரண்மனைக்குள் கைகோத்து நடந்துகொண்டிருந்தோம். பிரகாஷ் மோதிரத்தின் பக்கத்தைத் திறந்து வைத்தான். அணிந்தவர் மட்டும் என்று இருந்தது. இனி புதிய விதிப்படிதான் ஆட வேண்டும், எல்லா ஊரிலும் அப்படித்தான் ஆடுகிறார்கள், ஒரு மோதிரத்தில் மூன்று பேர் பிழைத்தால் ஆட்டத்தில் சமநிலை ஏது என்றான். ஸ்டெல்லா தயங்கினாள். பிறகு, புதுப் புத்தகம் சொல்வதுதானே சரியாக இருக்கும் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

ஆரோக்கியம் என்னைக் காட்டி, "மோதரத்த கழட்டி இவனுக்குப் போட்டுட்டேன்" என்றான்.

பிரகாஷ் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினான். புது ஆள் கைக்கு மாறினால் மோதிரம் அவனோடு பழக ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை வேலை செய்யாது. ஆக, கொடுத்தவனும் செத்தான், வாங்கியவனும் செத்தான்.

ஆரோக்கியம் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டான்.

ஸ்டெல்லா அந்த வாரமே பிரகாஷிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தச் சாவு செல்லாது, பழைய விதிப்படியே ஆடலாம் என்று சொல்லி ஆரோக்கியத்தைக் கூட்டிவர என்னை அனுப்பினாள். காசிமேட்டில், வலை காயும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"அண்ணன் கடல்ல வுயுந்தப்ப நானும் போட்லதான் இருந்தேன் மாமு. கைய நீட்னேன், எட்டல. அந்தப் புக்குல கைய புடிச்சா போதும்னு போட்டிருந்திச்சு பாரு, அதுக்குத்தான் வந்துகினு இருந்தேன். அதையும் வெட்டிட்டானுங்க. வுடு."

எங்கோ ஒரு குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, 'அவர் கைபிடித்தவரும்' என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டால் சமநிலை வந்துவிடும் என்று கோடு போட்டானே, அவன் யார்? அவனுக்குக் காசிமேடு தெரிய வேண்டாம். மூழ்குகிறவன் கையைப் பிடிக்கத்தான் பார்ப்பான் என்பதுகூடவா தெரியாது? அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்பு வந்துவிட்டது. கடையில் பார்க்கும்போதெல்லாம் எடுத்துப் புரட்டியிருக்கிறேன். படம் பெரிதாகிறது, விலை ஏறுகிறது, அந்தச் சொற்கள் மட்டும் திரும்பவேயில்லை.

நாங்கள் மறுபடி கூடவில்லை. ஸ்டெல்லா கல்யாணமாகி வெளிநாடு போனாள். பழைய புத்தகம் ஒரு மழை வெள்ளத்தில் கூழாகிவிட்டது என்று அவள் அம்மா சொன்னார். ஆரோக்கியம் இப்போது டிரெய்லர் ஓட்டுகிறான். சில மாதம் முன்பு எண்ணூர் சாலையில், கண்டெய்னர் வண்டிகள் அசையாமல் நின்ற வரிசையில் அவனைப் பார்த்தேன். மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் வெளாடுறியா மாமு?" என்றான். யாரோடு என்று கேட்டேன். சிரித்தான். வரிசை நகர்ந்துவிட்டது.

ஸ்டெல்லாவின் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். வாசலில் காவலாளி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். எந்த விதி சரி என்று தொண்டை கிழியச் சண்டை போட நாலு பேரும் ஒரு மேசையும் வேண்டும் என்று வந்து நின்றால், அந்தத் தெருவில் இன்று யாருடைய பெயரை அவரிடம் நான் சொல்வது?