மல்லாங்கிணற்றுப் பெட்டி

போன வாரம் பின் தெருக்காரர்களின் பார்சல் ஒன்று தவறி எங்கள் வீட்டுக்கு வந்தது. மருமகள் பிரிக்கப் போனாள். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு என்னவோ, "வேண்டாம்மா, தேடி வருவாக" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது என் பேச்சு இல்லை, அத்தையின் பேச்சு.

அப்போது நாங்கள் ஆமத்தூரில் இருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. அம்மா பிரசவத்துக்குப் போயிருந்ததால் அத்தைதான் எங்களைப் பார்த்துக்கொண்டாள். அப்பாவின் தங்கை. பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்து மாமா இறந்துபோன பிறகு எங்களோடு வந்து இருந்தவள்.

தீபாவளி நெருக்கத்தில், கொட்டுகிற மழையில், லாரிக்காரன் ஒருவன் எங்கள் ஊர்ச் சரக்கென்று நினைத்துப் பெரிய பட்டாசுப் பெட்டி ஒன்றை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். நானும் அண்ணனும் நனையாமல் உள்ளே இழுத்துப் போட்டோம். சாமியே அனுப்பியது என்றான் அண்ணன். ஆனால் பெட்டியின் மேல் மல்லாங்கிணற்றுக் கடைக்காரர் ஒருவரின் பெயர் இருந்தது. வேலை விட்டு வந்த அத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். உடனே அடுப்பில் கிடந்த தணலை அள்ளிக் கொண்டுபோய் மழையில் கொட்டினாள்.

பஸ் கண்டக்டர் மூலம் அப்பா தகவல் சொல்லிவிட்டார். ஆள் வரும்வரை எங்கள் ஒற்றை அறை வீட்டில் அடுப்பும் இல்லை, விளக்கும் இல்லை. பக்கத்து வீட்டில் அத்தை கஞ்சி மட்டும் காய்ச்சிக்கொண்டு வருவாள். முறுக்குக்கு இடித்த மாவு சும்மா கிடந்தது.

"வெளிய வச்சிரு தாயி" என்றார் அப்பா, பீடியோடு மழையில் நின்றபடி.

"நனைஞ்சா அவுக யாவாரம் போச்சுண்ணே."

"அப்ப பெட்டி உள்ள, நான் வெளியவா?"

"பெட்டி பீடி குடிக்காதுல்ல."

அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. "ஒத்த பாக்கெட்டு எடுத்தா தெரியவா போகுது?" என்றான்.

"ஏலே, நமக்குன்னு குடுத்தாகளா? தப்பி வந்து எறங்கியிருக்கு. வர்றவரைக்கும் பாத்துக்கிடணும், அம்புட்டுதான்."

ராத்திரி நாங்கள் ஒரு ஓரம், பெட்டி ஒரு ஓரம். நடுவில் குறுக்காக அத்தை படுத்துக்கொள்வாள்.

தீபாவளிக்கு முதல் நாள் கடைக்காரர் வண்டி பிடித்து வந்து சேர்ந்தார். "சீசனே போச்சுன்னு உக்காந்திருந்தேன் தாயி" என்று பெட்டியைத் தூக்கப் போனார். அத்தை விடவில்லை.

"பிரிச்சு எண்ணிட்டு எடுங்க."

"ஒங்கள நம்பாமலா?"

"பிள்ளைக இருக்கிற வீடு. எண்ணிருங்க."

எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு மத்தாப்புப் பெட்டியை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். அவனோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"வாங்கிக்கலே, இது குடுக்கிறது" என்றாள் அத்தை.

வண்டி தெரு திரும்பியதும் முறுக்குச் சட்டியை எடுத்து வைத்துவிட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். தீக்குச்சியை உரசினாள். பற்றவில்லை. கை அப்படி நடுங்கியது. நான்தான் வாங்கிப் பற்றவைத்தேன்.

பசி நடுக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அத்தனை ராத்திரியும் குறுக்கே படுத்துக் கிடந்ததையும், அண்ணன் திருடிவிடாமல் இருக்கத்தான் என்றே நினைத்திருந்தேன்.