லேத்தும் கையுறையும்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரம்பம் சார். பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுக்கிறவர் என்பதால் மட்டுமல்ல, ஒரே பேச்சைத் தினமும் போட்டு அறுப்பார். "சட்டைக் கைய மடிச்சு விடு. முடியக் கட்டு. லேத்து ஓடும்போது கிளவுஸ் போடாத, இழுத்துட்டுப் போயிடும்." தூக்கத்தில்கூட இதைத்தான் உளறுகிறார் என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். பல வருடம் தற்காலிகம் என்று நாயாய் அலைந்த மனிதருக்கு அந்த வருடம்தான் வேலை நிரந்தரமாகியிருந்தது.

தேர்வுக்காக ஒரு மாணவி லேத்தில் மரத்தைச் சுழலவிட்டு நாற்காலிக் கால் கடைந்துகொண்டிருந்தாள். உப்புத்தாளை அழுத்திப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையெல்லாம் கொப்புளம். வகுப்பிலேயே அவள் வேலைதான் சுத்தம். அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் ரம்பம் சாருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். ஒரு நாள் அவள் கண் கலங்கி வந்து நின்றாள்.

"சார், வீட்லேர்ந்து கிளவுஸ் கொண்டாந்திருக்கேன். போட்டுக்கவா?"

அவருக்கு மனசு இளகிவிட்டது. பாழாய்ப்போன மனசு, இளகுவதற்கு வேறு நாளா கிடைக்கவில்லை? "இன்னிக்கி ஒரு நாள்தான். பாத்துப் பண்ணு" என்றார். பக்கத்து மெஷின் இரைச்சலில் அது அவள் ஒருத்திக்குத்தான் கேட்டது.

கையுறையின் நூல் பிரிந்து, சுழலும் மரத்தில் மாட்டிக்கொண்டது. அவர் ஓடிப்போய் மெஷினை நிறுத்துவதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன.

தலைமையாசிரியை விசாரணைக்குக் கூப்பிட்டார். 'நான்தான் போட்டுக்கச் சொன்னேன்' என்று வழி நெடுக ரம்பம் சார் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். சொன்னால் வேலை போய்விடும். போனால் போகட்டும் என்றுதான் கதவைத் திறந்தார்.

"உக்காருங்க சார். பொண்ணே எல்லாத்தையும் சொல்லிட்டா" என்றார் தலைமையாசிரியை. "உங்களுக்குத் தெரியாமத்தான் போட்டுக்கிட்டாளாம். நீங்க தினமும் படிச்சுப் படிச்சு சொன்னீங்கன்னு கிளாஸே சொல்லுது."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா எழுந்து கை கூப்பினாள்.

"எங்கள மன்னிச்சிருங்க சார். நீங்க அவ்வளவு சொல்லியும் இந்தக் கழுத கேக்கல. இவளால உங்க பேரு கெட இருந்துச்சே."

அவருக்கு வார்த்தை தொண்டை வரை வந்தது. பெண் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தாள்.

"பரவாயில்லம்மா" என்றார் அவர். "சின்னப் பொண்ணுதானே."