அழைப்பெடுப்பவர்களின் அக்கா

ஆம்புலன்ஸ் அழைப்பு எடுக்கும் கவிதாதான் சொன்னாள். ஒரு புதன்கிழமை முற்பகல், பினாங்கின் பெருநிலப் பக்கத்து ஊரான பிறையில் என் மேசையில் உட்கார்ந்திருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல அவள்.

“அக்கா, ஒரு கால் எடுத்தேன். அம்மா விழுந்துட்டாங்க, மூச்சு இல்லைன்னு ஒரு பொண்ணு கத்துச்சு. ஆம்புலன்ஸை அனுப்பிட்டு, நெஞ்சை எப்படி அமுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வண்டியும் சீக்கிரமாத்தான் போச்சு. ஆனா காப்பாத்த முடியல. அப்புறமாத்தான் பேரு வந்துச்சு. நம்ம ரஹ்மத் அக்கா லா.”

அவளே தொடர்ந்தாள். “இந்த மாதிரி கால் வந்தா அவங்களுக்குத்தான் போன் போடுவேன். இன்னிக்கு யாருக்குப் போடுறதுன்னே தெரியல.”

ரஹ்மத்துன்னிசா அக்காவை உங்களில் பலர் குரலாக மட்டுமே அறிந்திருப்பீர்கள். ஜார்ஜ் டவுனில் ஓர் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் தம் பணிக்காலம் முழுவதும் அழைப்பெடுத்தவர். ஓய்வுபெற்று அதிக காலம் ஆகவில்லை. பினாங்கில் அவசர அழைப்பு எடுக்கும் பெண்கள் நாங்கள் இன்று ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கிறோம் என்றால் அது அவரால் வந்தது.

எனக்கும் முதலில் அவர் குரல்தான். தொழிற்பேட்டை ஒன்றின் அவசர அழைப்பு அறையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஒரு தொழிற்சாலையில் அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறியவர்களை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்து வண்டிகள் போதவில்லை. பினாங்குத் தீவிலிருந்து உதவி கேட்டபோது மறுமுனையில் இருந்தவர் அவர். எத்தனை பேர், எந்த வாசல், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று நிதானமாகக் கேட்டார். கடைசியாக, “உன் பேரு என்னம்மா?” என்றார். அந்த வேலையில் அதுவரை யாரும் என்னிடம் பெயர் கேட்டதில்லை.

மறுநாள் அவரே கூப்பிட்டார். “ராஜியா? நேத்து அனுப்பினவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒருத்தருக்கு மட்டும் இன்னும் ஆக்சிஜன் வச்சிருக்காங்க, அவரும் எழுந்துடுவாரு. உனக்கு யாரும் சொல்ல மாட்டாங்கன்னு தெரியும். அதான் கூப்பிட்டேன்.”

எங்கள் வேலையின் பெரிய பாரம் அதுதான். ஒருவருடைய வாழ்க்கையின் மிக மோசமான சில நிமிடங்களில் நாம் கூடவே இருக்கிறோம். வண்டி போய்ச் சேர்ந்ததும் தொடர்பு அறுந்துவிடுகிறது. பிழைத்தாரா, இல்லையா என்பது தெரியாமலேயே அடுத்த அழைப்பை எடுக்கிறோம். “முடிவு தெரியாத கதையை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதே” என்பார் அக்கா. முடிவை விசாரித்துச் சொல்ல ஒவ்வோர் இடத்திலும் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்பது அவர் கணக்கு.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சந்திப்பு தொடங்கியது. ஜார்ஜ் டவுனில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடை, மூலை மேசை. முதல் நாள் மூன்றே பேர். பிறகு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் அழைப்பு அறைகளிலிருந்தும், வேறு ஆம்புலன்ஸ் அறைகளிலிருந்தும் வந்தார்கள். தமிழ்ப் பெண்கள், மலாய்ப் பெண்கள், சீனப் பெண் ஒருவர். ஒருத்தியின் மேலாளர், நாங்கள் தொழிற்சங்கம் ஆரம்பிக்கிறோம் என்று பயந்து விசாரித்தார். “தே குடிக்கிறோம் சார், நீங்களும் வாங்க” என்று சொல்லச் சொன்னார் அக்கா.

அந்தத் தேநீரின் பயன் நோர்லிடாவுக்குத் தெரியும். வேறொரு அறையில் வேலை செய்யும் மலாய்ப் பெண் அவள். ஒருநாள் ஒரு பெரியவர் அழைத்தார். மனைவி பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார். பதற்றத்தில் அவருக்கு மலாய் மறந்து, தமிழ் மட்டுமே வந்தது. நோர்லிடா யோசிக்காமல் அக்காவை அதே இணைப்பில் சேர்த்தாள். “ஐயா, நான் இருக்கேன், பயப்படாதீங்க. முதல்ல வாசக்கதவைத் திறந்து வச்சிட்டு வாங்க” என்று அக்காவின் குரல் கேட்டதும் அவர் அழுகையை நிறுத்தினாராம். அந்த அம்மா பிழைத்தார். சேர்ந்து தே குடித்திராவிட்டால் அந்த எண் தன்னிடம் இருந்திருக்காது என்பாள் நோர்லிடா.

ஆனால் அக்கா இதையெல்லாம் தொடங்கியதற்குக் காரணம் வேறு. ஒரே ஒருமுறை சொன்னார். இளவயதில் அவருடைய அலுவலகத்தில் மேற்பார்வையாளர் பதவி காலியானது. அவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. புதியவர் வந்து வணக்கம் சொன்ன அன்றுதான் அப்படி ஓர் இடம் இருந்ததே அக்காவுக்குத் தெரியவந்தது.

“ஆம்பளைங்க சாப்பாட்டுக் கடையிலேயே பேசி முடிச்சிட்டாங்க. அவங்க கெட்டவங்க இல்லம்மா. தெரிஞ்சவங்களுக்குச் சொன்னாங்க. நான்தான் யாருக்கும் தெரியாதவளா இருந்துட்டேன். குனிஞ்ச தலை நிமிராம வேலை பார்த்தா போதும்னு நினைச்சேன்.”

பிறகு அந்த மேசையில் எந்தப் பதவி, எந்தப் பயிற்சி என்றாலும் முதலில் பேசப்பட்டது. என்னை மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்க வைத்தவர் அவர். தயங்கியபோது, “அவங்க வேணாம்னு சொல்லட்டும், நீயே ஏன் சொல்றே?” என்று அதட்டினார். எங்களில் சிலர் மேலே போனோம். அவருக்கும் பணியின் கடைசிக் காலத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. நாங்கள் வற்புறுத்தி நேர்காணலுக்கு அனுப்பினோம். அனுபவத்தைப் பாராட்டினார்களாம், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தானே என்றார்களாம். அந்த ஞாயிறு ரொட்டியைப் பிய்த்தபடியே, “பரவாயில்ல லா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உங்களையெல்லாம் பார்க்கச் சந்தோஷமாத்தான் இருக்கு ராஜி. எனக்கும் அப்போ ஒருத்தர் சொல்லியிருந்தா...” என்று தொடங்கி, தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கைகழுவ எழுந்துபோனார். அவர் முடிக்காத அந்த வாக்கியம்தான் இந்த நாட்களில் என்னை வருத்திக்கொண்டிருக்கிறது. அவரைவிடப் பத்து மடங்கு குறைவாகத் தெரிந்த நாங்கள் அவர் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறோம்.

கவிதா கூப்பிட்ட அன்று மாற்றாள் வந்து, தீவுக்குப் போகும் பாலத்து நெரிசலைக் கடந்து நான் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸா அடக்கத்துக்காக வீட்டைவிட்டுப் போயிருந்தது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. சீருடையோடு வந்திருந்த எங்களைப் பார்த்து அவர் மகள் ஷமீமா, “நீங்கள்லாம் யாரு?” என்று கேட்டாள். வேலையைப் பற்றி அம்மா வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். நாங்கள் ஒவ்வொருவராகச் சொன்னோம்.

“போன்ல பேசினவங்க சொன்ன மாதிரிதான் அமுக்கினேன். சரியாச் செஞ்சேனான்னு தெரியல” என்று ஷமீமா திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கவிதா நகர்ந்து அவளருகே உட்கார்ந்தாள். “அந்த போன்ல பேசினது நான்தான்.”

ஷமீமா அவளை வெறித்துப் பார்த்தாள்.

“நீங்க எண்ணினது எனக்குக் கேட்டுச்சு. ஒரு தடவைகூட நிறுத்தல. எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க.”

அதன் பிறகுதான் அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். கவிதாவும் அழுதாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பழக்கம்தான்: காதில் விழுந்த நல்ல செய்தியை எனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. போன வாரம், கோலாலம்பூரில் உயர்நிலைப் பயிற்சி ஒன்று நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். இடங்கள் குறைவு. நானே போக ஆசைப்பட்ட பயிற்சி. உடனே கவிதாவைக் கூப்பிட்டேன்.

“நீங்களும் விண்ணப்பம் போடுறீங்களாக்கா?”

“போடுறேன்.”

“அப்போ எனக்கு ஏன் சொல்றீங்க? போட்டி கூடிடுமே.”

“கூடட்டும். நீ போடு. நோர்லிடாகிட்டயும் இப்பவே சொல்லிடு.”