வாசலில் நின்று பேசிய கால்

முதலில் வந்தது அரிப்புதான். இடது கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்திருந்தது. சொறிந்தால் சுகமாக இருந்தது, சொறிந்தேன். அது புண்ணாகி, ஒரு வருஷமாகியும் ஆறவில்லை.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை ஜவுளிக்கடை ஒன்றில் இருபது வருஷமாகச் சேலை விரித்துக் காட்டுகிறவன் நான். காலையில் நின்றால் கடை சாத்தும்வரை நின்றபடிதான். வேட்டிக்குள் நரம்பு புடைத்துக் கிடந்ததை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் பார்த்தார். நாளப்புடைப்பு (இரத்தத்தை மேலே ஏற்ற வேண்டிய குழாய்கள் தளர்ந்து சுருண்டுகொள்வது) என்றார். கெட்ட நாளத்தை உருவி எடுத்தால் புண் ஆறுமாம். ஆறாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"நிண்டு செய்யிற வேலையை மறக்க வேண்டியதுதான்."

எனக்கு வேறு வேலை தெரியாது.

இதே நோயோடு இருப்பவர்கள் அறுவைக்குப் பயப்பட வேண்டாம். முந்தின நாள் கால் முடியை மழித்து, என்னை நிற்க வைத்து, நரம்பு போன வழியெல்லாம் ஊதா மையால் கோடு போட்டார்கள். மறுநாள் மயக்கம் தெளிந்தபோது விரலிலிருந்து தொடைவரை இறுக்கமான கட்டு. காந்தியது, ஆனால் பொறுக்க முடிந்தது. அடுத்த நாளே நர்ஸ் எழுப்பி நடக்கவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "நடக்கலாம். காலை உயத்தி வச்சுப் படுக்கலாம். நிக்கப்படாது."

கேட்டேனா? ஆரஞ்சும் பிஸ்கட் டின்னுமாக ஆட்கள் பார்க்க வந்தார்கள். நம்மவர்கள் உள்ளே பத்து நிமிஷம் உட்கார்ந்தால் வாசலில் அரைமணி நேரம் பேசுவார்கள். வந்தவரை வழியனுப்பாமல் இருப்பதா? கட்டுக் காலோடு கதவைப் பிடித்து நின்று நானும் பேசினேன். ஐந்தாம் நாள் கால் வீங்கி, கட்டின் மேல் ரத்தம் கசிந்தது.

டாக்டர் கட்டைப் பிரித்தார். "நிண்டனீங்களோ?"

"ஆளுங்க வந்தாங்க, டாக்டர். வழியனுப்ப..."

என் மனைவி கமலா முந்திக்கொண்டாள். "உள்ள பேசுனதவிட வாசல்ல பேசுனதுதான் ஜாஸ்தி, டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. புண் முன்னைவிட விரிந்திருந்தது. மூன்று சக்கர டிரைஷாவில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றே கமலா வீட்டில் புதுச் சட்டம் போட்டாள். விடைபெற எழுந்தவர்களிடம், "அண்ணே, தேக்கா மார்க்கெட் வரைக்கும் இவரோட நடந்துக்கிட்டே பேசுங்க. நிக்க மட்டும் விட்டுடாதீங்க," என்பாள். சிலர் அதோடு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். புண்ணியம்.

ஆள் வராத நாளில் கமலாவே கூட வந்தாள். அதுவரை தெருவில் இறங்கினால் நான் முன்னே, அவள் நாலடி பின்னேதான். இப்போது நான் தடுமாறினால் பிடிக்க வேண்டுமே, அதனால் பக்கத்தில் வந்தாள். கட்டுக் காலுக்கு ஏற்ற நடை. எங்களுக்குப் பேச இவ்வளவு இருந்தது எனக்கே தெரியாது.

தையல் பிரித்தார்கள். மூன்றாம் மாதம் புண் மூடியது. டாக்டர் அந்த இடத்தை அழுத்திப் பார்த்து, "வேலைக்குப் போங்கோ. ஒரே இடத்தில நிக்காமல் அசைஞ்சுகொண்டிருங்கோ," என்றார். அவரைக் கும்பிட்டேன். இப்போது இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறேன். வாடிக்கையாளர் நிறம் யோசிக்கும் நேரத்தில் நான் இரண்டு நடை போய்வந்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கமலாவும் நடக்கப் போகிறோம். கால் இப்போது எந்த வேகத்துக்கும் போகும். ஆனாலும் மெதுவாகவே நடக்கிறேன். நான் முந்திவிட்டால் அவள் பழையபடி பின்னால் போய்விடுவாள்.