வரிசை முடியும்வரை

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிரம்பு கிடையாது. அங்கே யாரும் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. மதில் மட்டும் இரண்டு ஆள் உயரம். மதியத்தில் மதிலோரமாக நடந்து போகிறவர்களுக்குக் கரண்டி தட்டில் படுகிற சத்தம் கேட்கும். வேறொரு சத்தமும் கேட்காது. உள்ளே இருநூறு பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்றால் ஊருக்குப் புதிதாய் வந்தவன் நம்பமாட்டான்.

அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கரண்டி அக்கா. அதையும் உள்ளே இருக்கும்போது சொல்லமாட்டார்கள். விடுமுறைக்குப் போகிற வண்டியில் ஏறி, வண்டி கேட்டைத் தாண்டிய பிறகுதான் ஜன்னல் வழியாகக் கூப்பிடுவார்கள்.

அவள் மூன்று பெண்களில் நடுவில் பிறந்தவள். அக்காளைக் கட்டியவர் துணிக்கடைக்காரர். தங்கை புருஷனுக்கு அரசாங்க உத்தியோகம். இவளுக்கு வாய்த்தவர் வேன் ஓட்டுகிறவர். தங்கமான மனிதர்தான், ஆனால் அவர் வாய் மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. அந்த வாய் அவருடைய அத்தை வழியில் வந்தது. அந்த அம்மாள் தூக்கத்திலும் பக்கத்து வீட்டுக் கதை பேசுவாளாம். மூத்த மகள் அப்படியே அப்பனை உரித்து வைத்திருந்தாள். பல் விளக்கும்போதுகூட நுரையோடு பேசுவாள். இளையது அப்போது கைக்குழந்தை.

பள்ளியில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைக்கு அங்கே இடம் உண்டு. உள்ளேயே தங்கிப் படிக்க வேண்டும். பெற்றவள் அங்கேயே வேலை பார்த்தாலும் மகள் என்று ஒரு பார்வை பார்க்கக் கூடாது. அவள் அதற்கும் சரியென்றாள். தன் மகள் அக்கா தங்கை பிள்ளைகளுக்கு ஒரு படி மேலே போய் உட்கார வேண்டும்; அதுதான் அவளுக்கு ராத்திரி பகலாக இருந்த ஒரே நினைப்பு.

"அங்க கொண்டுபோய் அடைச்சா இவ வாய் என்ன ஆகும்? வெடிச்சிடாதா?" என்றார் புருஷன்.

"உங்க வாயால நாம என்னத்தக் கண்டோம்? அங்க படிச்சதுங்க எல்லாம் எங்கெங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியலையே. ஒருத்தர்கூட வந்து ஒரு வார்த்தை பேசினதில்லையே."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கூடத்து முறை இதுதான். பேசக் கூடாது. ஏதாவது வேண்டுமென்றால் வலது கையைத் தூக்கிவிட்டு, இடத்தை விட்டு அசையாமல் காத்திருக்க வேண்டும். பரிமாறுகிறவளும் கையைக் கண்ட இடத்துக்கு ஓடக் கூடாது. வரிசையின் தலையில் தொடங்கினால் வால்வரை போய்விட்டுத்தான் திரும்பலாம். வாய் திறந்த பிள்ளையின் முன்னால் இருந்து தட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்கிறவளும் பரிமாறுகிறவள்தான். "காத்திருக்கப் பழகிட்டா வாழ்க்கையில எதையும் தாங்கிக்கும்," என்பார் பெரிய டீச்சர். அவர் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை. மெதுவாகப் பேசுவார், அதனால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

முதன்முதலாக ஒரு பிள்ளையின் தட்டை எடுத்த அன்றைக்கு அவள் வீட்டில் சாப்பிடவில்லை. பிறகு பழகிவிட்டது. தூக்கிய கை கண்ணில் படும், மனசில் படாது. கால் பாட்டுக்கு வரிசையோடு போகும்.

மகள் சேர்ந்த புதிதில் தட்டைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவள் கண்ணைக் கரண்டியில் வைத்துக்கொண்டு கடந்துவிடுவாள். ஒரு நாள் மதியம் சோறு வைத்துவிட்டு நகர்ந்தபோது, வீட்டில் கேட்கிற அதே குரலில் கேட்டது:

"அம்மா, இன்னும் கொஞ்சம்."

கூடத்தில் எல்லாக் கையும் அப்படியே நின்றது. வாசலில் பெரிய டீச்சர் நின்றிருந்தார். அவர் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. இவள் திரும்பி வந்தாள். மகளின் தட்டை எடுத்தாள். பிசைந்த சோறு பிள்ளையின் விரலில் ஒட்டியிருந்தது. அந்த விரலை நக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. இவள் தட்டோடு வரிசையின் வால்வரை போய்த்தான் திரும்பினாள்.

"நீங்க செஞ்சதுதான் பாசம்," என்றார் பெரிய டீச்சர், தோளைத் தொட்டு.

அதற்குப் பிறகு அந்தக் குரல் கூடத்தில் கேட்கவில்லை.

ஆண்டு விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்தாள். இளையது அப்போது நடை பழகி, கண்ட இடமெல்லாம் தத்தித் தத்தி ஓடிக்கொண்டிருந்தது. அது வந்து மடியில் விழுந்தபோது பெரியவள் அதன் தலையைத் தடவினாள், கொஞ்சவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையைத் தூக்கினாள்.

"என்னம்மா, நம்ம வீட்டு ரேடியோ பழுதாயிடுச்சா?" என்று அப்பன் அவள் காதைத் திருகிப் பார்த்தார். "பாட்டரி மாத்தணுமோ?" பிள்ளை லேசாகச் சிரித்து, உடனே உதட்டை மூடிக்கொண்டது.

பார்க்க வந்த அக்காளுக்கு வாய் பிளந்துவிட்டது. "என்னடி மந்திரம் போட்ட? என் வீட்டுல ரெண்டு வானரம் இருக்கு. அதுங்களையும் அங்க தள்ளிவிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அக்காள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வர அவள் எத்தனை காலம் காத்திருந்தாளோ. அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அக்காள் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்தாள். நினைப்பைத் தொடரவிடாமல் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

இரண்டொரு நாள் கழித்துக் காலையில், புருஷன் வேனை எடுத்துக்கொண்டு போனார். போகிற அவசரத்தில் வாசல் கேட்டின் கொக்கியைப் போட மறந்துவிட்டார். இவள் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கல்லில் ஒரு வரிசை, தட்டத்தில் மாவு உருட்டி ஒரு வரிசை.

ஓரக்கண்ணில் ஒரு கை தெரிந்தது. அடுப்படி வாசலில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள், வலது கையைத் தூக்கியபடி.

இவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த உருண்டையை எடுத்துத் தட்டினாள். அதற்கடுத்ததைத் தட்டினாள். கல்லில் இருந்ததைத் திருப்பிப் போட்டாள். கை இறங்கவில்லை. வரிசையில் கடைசி உருண்டையையும் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"என்னம்மா?"

"பாப்பா ரோட்டுல இருக்கா."

அடுத்த நொடி வெளியே பெரிய பிரேக் சத்தம் கேட்டது.

செருப்பில்லாமல் ஓடினாள். வளைவில் ஒரு லாரி குறுக்கே திரும்பி நின்றிருந்தது. முன் சக்கரத்தை ஒட்டிச் சின்னச் செருப்பு ஒன்று. குழந்தை அதற்கு ஒரு முழம் தள்ளி, நடு ரோட்டில் உட்கார்ந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் இறங்கி ஓடிவந்தார்.

"பெத்துப் போட்டா ஆச்சா? வீட்டுல யாருமே இல்லையா, இது வெளிய வந்ததப் பாக்க?"

"இருந்தாங்கண்ணே," என்றாள் அவள். "பாத்தாங்க."

லாரிக்காரருக்கு அது புரியவில்லை. அவர் வாயில் வந்ததைத் திட்டிவிட்டு, கடைசியில் அந்தச் செருப்பைத் தானே எடுத்துக் குழந்தைக்குப் போட்டுவிட்டுப் போனார்.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தபோது பெரியவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். கல்லில் ரொட்டி கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

"ஏன்டி கத்தல? ஓடிப்போய்த் தூக்கக் கூடாதா?"

"கை தூக்கினேனேம்மா," என்றது பிள்ளை, மிக மெதுவாக. "நீங்கதான் இன்னும் வரிசை முடிக்கல."

பள்ளி திறந்ததும் அவள் பெரிய டீச்சரிடம் போனாள், மகளை நிறுத்திக்கொள்வதாகச் சொல்ல. நடந்ததைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"குழந்தை முறைப்படி கை தூக்கியிருக்கா. அவமேல என்ன தப்பு? பாத்துட்டும் திரும்பாதது யாரு?"

அவள் மேலங்கியின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள். "யோசிச்சு வாங்க. உங்க ரெண்டாவது பொண்ணுக்கும் இங்க இடம் இருக்கு," என்றார், அதே மெல்லிய குரலில். அவள் கரண்டியையும் மேலங்கியையும் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் அது. மதிலோரம் நடக்கும்போது கரண்டிச் சத்தம் கூடவே வந்தது.

இப்போது மகள் தெருமுனைப் பள்ளியில் படிக்கிறாள். அங்கே வாத்தியார் பேசுவதே கேட்காத அளவுக்குச் சந்தை இரைச்சல். போய்ச் சில மாதமாகியும் இவள் மட்டும் பேசவில்லை.

ஒரு நாள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அப்பன் வழக்கம்போல வேன் கதை அளந்துகொண்டிருந்தார். பெரியவளின் கை மேலே போனது. தாய் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"கை வேணாம்மா. வாயத் திறந்து கேளு. இங்க யாரும் இல்ல, நாமதான்."

பிள்ளை கையை இறக்கினாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் தட்டை இழுத்து நெஞ்சோடு அணைத்து, இரண்டு கையாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தாயின் கைகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா," என்றாள், "இன்னும் கொஞ்சம்."