கோட்டையூருக்குப் போன கோடி

அன்று கண்டனூர் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி மெய்யம்மை, சமையலுக்கு இருந்த பொன்னுத்தாயி, வண்டிக்காரன் செம்மலை. நால்வரில் பொய் சொல்கிறவர் யாரும் இல்லை. நடந்ததில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டி எழுதவில்லை. இப்படிப்பட்ட காரியங்கள் இரவில்தான் நடக்கும் என்பார்கள். இது குரோதன ஆண்டு ஐப்பசி மாதம், மழை விடாமல் பெய்த ஒரு பகலில் நடந்தது.

என் ஒரே தங்கை சாலாவைக் கோட்டையூரில் தண்டாயுதபாணிக்குக் கொடுத்திருந்தோம். அவள் மகள் கல்யாணத்தில், தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் எங்கள் மாப்பிள்ளை தண்டாயுதபாணி தம் பங்காளி ஒருவரை நிறுத்தினார். நான் வரத் தாமதமாயிற்று என்று காரணம் சொன்னார். நான் அப்போது அவர் வீட்டு முகப்பில்தான் நின்றுகொண்டிருந்தேன். இனி இந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று சபையிலேயே சொல்லிவிட்டு இறங்கினேன். சொன்ன சொல்லை மாற்றும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அதற்கு மறு வருஷம் சாலா படுக்கையில் விழுந்தாள். உடம்பில் நீர் கோக்கும் நோய். கால்கள் வீங்கும், தோல் வெடிக்கும், நீர் வடியும், பிறகு மறுபடியும் வீங்கும். நாலு வருஷம் அப்படியே கிடந்தாள். மதுரையிலிருந்து வைத்தியரை நான்தான் அனுப்பினேன். மருந்துச் செலவும், பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் ஆளின் கூலியும் என்னுடையவை. ஆனால் நான் போகவில்லை. மாப்பிள்ளை வந்து ஒரு வார்த்தை அழைக்கட்டும் என்றேன். அவர் அழைக்கவில்லை. அவளுக்கு மட்டும்தான் உடம்பு இருக்கிறது என்பதுபோல எனக்கும் மாப்பிள்ளைக்கும் நாட்கள் சுகமாகவே போயின.

புரட்டாசியில், சாலாவைப் பார்த்துக்கொண்டிருந்த வேலைக்காரி வீரலட்சுமி ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் பேசவில்லை. மெய்யம்மையிடம் சொன்னாள்.

"அண்ணன் வரலைன்னாலும் பரவாயில்லைங்கிறாக. கோடி மட்டும் வந்துட்டாப் போதுமாம். அது வராமப் போறதுக்குத்தான் பயந்துக்கிட்டுக் கெடக்காக."

கோடி என்பது, இறந்த பெண்ணைச் சுடுகாட்டுக்கு எடுக்கும் முன் உடன்பிறந்தவன் தன் கையால் போர்த்தும் புதுப் புடவை. அது விழாமல் போனவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்று பேர். ஆள் கிடக்கும்போதே மெய்யம்மை எனக்குத் தெரியாமல் காரைக்குடியில் ஒரு சிவப்புக் கண்டாங்கிச் சேலை வாங்கி வந்துவிட்டாள். உயிரோடு இருப்பவளுக்குக் கோடி வாங்குவதா? அதைப் பிடுங்கி என் அறை அலமாரியில் பூட்டினேன். அது மணிப் பூட்டு. சாவியைத் திருப்பினால் உள்ளே மணி அடிக்கும், வீட்டு நடுவில் திறந்த முற்றமான வளவு முழுவதும் கேட்கும். சாவி ஒன்றுதான். அது என் அரைஞாணில் இருந்தது.

ஐப்பசியில் அந்த நாளும் வந்தது. நண்பகலில் வாசலில் ஒருவன் நனைந்தபடி நின்றான். கோட்டையூர் வீட்டு வயலில் கூலிக்கு இருப்பவன். ஆச்சி காலையில் போய்விட்டார்கள், பொழுது சாய்வதற்குள் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். பெண் எடுத்த வீட்டுச் சாவை, பெண் கொடுத்த வீட்டுக்குப் பங்காளி ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். கூலி ஆளை அனுப்பிவிட்டார்கள். தலை முழுகிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். புறப்படவில்லை.

மெய்யம்மை எதிரே வந்து நின்றாள்.

"சாவியக் குடுங்க. நீக போக வேணாம். செம்மலைகிட்டக் குடுத்து விடுறேன்."

"வண்டிக்காரன் கையில போனா அது கோடி இல்லை. வெறும் துணி."

"செத்தவகிட்டயும் முறை பாக்குறீகளா?"

அவள் இரண்டாம் கட்டுக்குப் போய்த் தரையில் படுத்துக்கொண்டாள்.

முகப்பில் நான் மட்டும் இருந்தேன். வளவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடிகாரம் இரண்டு அடித்தது.

முதலில் ஒரு வாடை வந்தது. கஷாயம், வேப்பெண்ணெய், பழைய புண் துணி... வெகுநாள் நோயாளி கிடக்கும் அறையின் வாடை. எங்கள் வீட்டில் நோயாளி யாரும் இல்லை. பொன்னுத்தாயியைக் கூப்பிட்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை என்றாள். சொல்லிவிட்டு அவளும் மூக்கைச் சுளித்தாள்.

"யாருங்கய்யா கஷாயம் குடிச்சது?"

யாரும் குடிக்கவில்லை. அவளை உள்ளே போகச் சொன்னேன்.

பிறகு இருமல் கேட்டது. சின்ன இருமல், இரண்டு தடவை. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவார்களே, அந்த மாதிரி. மெய்யம்மை என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

"நீயா இருமுனே?"

"இல்லை. எனக்கும் கேட்டுச்சு."

இருமல் இரண்டாம் கட்டிலிருந்து வரவில்லை. என் அறைப் பக்கமிருந்து வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். மழைக் குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடிகாரம் மூன்று அடித்தது. மூன்றாவது அடியின் ஓசை அடங்குவதற்குள்...

டிங்.

மணிப் பூட்டு.

இடுப்பைத் தடவினேன். சாவி அரைஞாணிலேயே இருந்தது.

எழுந்திருக்க முயன்றேன். முடியவில்லை. கால்கள் இரண்டும் நீரில் ஊறிய மரம்போலக் கனத்தன. குனிந்து பார்த்தேன். கால்கள் எப்போதும்போலத்தான் இருந்தன. ஆனால் அசையவில்லை.

டிங்.

இப்போது பூட்டுகிற ஓசை.

வளவில் யாரோ நடந்தார்கள். மெதுவாக... ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலை இழுத்து... என் நாற்காலிக்குப் பின்னால் வந்து... நின்று...

மூச்சுக் கேட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஒன்றும் இல்லை. வாசலில் மாட்டின் கழுத்து மணி ஒலித்தது. வண்டிச் சக்கரம் உருண்டது. அந்த ஓசை தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் என் கால் அசைந்தது. கொட்டகைக்கு ஓடினேன். வண்டி இல்லை. செம்மலையும் இல்லை.

மெய்யம்மை திருட்டுத்தனமாக வண்டியை அனுப்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். போய்க் கேட்டேன். அவள் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை என்று பொன்னுத்தாயி சொன்னாள். மெய்யம்மையின் முகத்தைப் பார்த்தாலே அது உண்மை என்று தெரிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வண்டி திரும்பியது. செம்மலை தொப்பலாக நனைந்து முகப்புக்கு வந்தான். நாற்காலியில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"ஐயா... நீக எப்ப வந்தீக?"

"எங்கிருந்து?"

"நீகதானய்யா வண்டியப் பூட்டச் சொல்லிக் கையக் காட்டுனீக. கோட்டையூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. துண்ட வாயில பொத்திக்கிட்டே வந்தீக. அங்குட்டு எறங்கி உள்ள போனீக. தூக்கிக்கிட்டுப் போறப்ப தேடுனேன். கூட்டத்தோட சுடுகாட்டுக்கு நடந்துட்டீகன்னு சொன்னாக..."

"கையில என்ன இருந்தது?"

"செவப்புச் சேலை." அவன் தன் துண்டைப் பிழிந்தான். "அம்புட்டு மழையிலயும் உங்க மேல ஒரு பொட்டு ஈரம் இல்லைங்கய்யா."

விளக்கை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன். மெய்யம்மையும் பின்னால் வந்தாள். சாவியைத் திருப்பினேன். மணி அடித்தது. கதவைத் திறந்தேன்.

என் வேட்டிகள் இருந்தன. கண்டாங்கி இல்லை.

மெய்யம்மை அழவில்லை. பயப்படவும் இல்லை. என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோடி போயிருச்சு," என்றாள். "விளக்க அணைச்சிட்டு வாங்க."

அதன் பிறகு அவள் சாகும்வரை இதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

மறுநாள் தண்டாயுதபாணியின் தம்பி இராமு வந்தான். கருமாதிக்கு முறைப்படி நேரில் அழைக்க வந்திருந்தான். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பழச மறந்து வந்தீகளே மச்சான், அது போதும். நீக கோடி போத்துனப்ப அண்ணன் ஒடஞ்சு போயிட்டாக. உங்க கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டாகளே, அதுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நான் வரவில்லை என்றேன். அவன் சிரித்தான். அவன் சிரித்ததில் தப்பில்லை. கோட்டையூரில் அன்று கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து வருஷமாக நான் காத்திருந்த மன்னிப்பை மாப்பிள்ளை கேட்டும் விட்டார். என்னிடம் அல்ல.

தை பிறந்த பிறகு வீரலட்சுமி கூலி கேட்டு இங்கே வந்தாள். சாலாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள் அவள்தான். என்னைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களையே பார்த்தாள். மெய்யம்மை அவளைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டாள். நான் கதவுக்கு இப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அழுத கூட்டத்துல யாரும் கீழ பாக்கலை ஆச்சி. நான் காலடியில உக்காந்திருந்தேன். செட்டியார் குனிஞ்சு கோடி போத்துறப்போ அவுக வேட்டி வெலகுச்சு. எடது காலு பானை மாதிரி வீங்கி, வெடிச்சு, தண்ணி வடிஞ்சுச்சு. அதுல ஒரு துணிக்கட்டு. காலையில எங்க ஆச்சி காலுக்கு என் சேலையக் கிழிச்சுக் கட்டுன அதே கட்டு. திரும்பி எங்க ஆச்சி காலப் பாத்தேன்... வீக்கமே இல்லை. கல்யாணப் பொண்ணு காலு மாதிரி இருந்துச்சு."

இதை வெளியே சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினோம். அவள் காப்பாற்றினாள். இப்போது அவளும் இல்லை.

கண்டனூர் முத்தப்பன் ரோஷத்தை விட்டான், தங்கை சாவுக்கு அந்த வாசற்படியைத் தாண்டி வந்து தன் கையால் கோடி போர்த்தினான் என்று கோட்டையூரிலும் புதுவயலிலும் இன்றைக்கும் சொல்கிறார்கள். பெருமையாகத்தான் சொல்கிறார்கள். என் பேரன்மார் காதிலும் அது விழுந்திருக்கிறது.

அது உண்மை அல்ல. நான் போகவில்லை.